மீனிடமிருந்து கழித்த வருடங்கள்

டன்னிங் துறையின் மிக மூத்த குடிமகன் ஒரு மீன்தான் என்று ஊர்மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்த ஆண்டில் சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுடும் ஸ்காலப் பை ஒன்று இரண்டு டாலர் இருபது காசுக்கு விற்றது, டீசல் ஏறியிருந்தது, ஆப்பிளை வாங்க ஆளே இல்லை. தீர்மானத்தை எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை. மன்றத் தலைவர் கிளைவ் பெங்கெல்லி மட்டும் தூக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தார். கழுத்தில் கிடந்த பதவிச் சங்கிலியின் கனத்தில் கை மேலே போகவில்லை என்று கறிக்கடை டக் பிற்பாடு விளக்கம் சொன்னார். தாஸ்மேனியாவின் தென்கோடியில், தாண்டினால் பனிக்கண்டம்தான் என்கிற இடத்தில் இருக்கும் ஓர் ஊர் தன் மூத்த குடிமகனைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு பாடுபட்டது எப்படி என்பதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. தலைநகரத்துப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் முன்பின்னாக எழுதிவிட்டன.

மீனிலிருந்து தொடங்கலாம். கரையிலிருந்து ஒரு பகல் ஓட்டத் தூரத்தில் கடலுக்கடியில் மலைகள் இருக்கின்றன. வெளிச்சம் எட்டாத அந்த மலை உச்சிகளில், செங்கல் நிறத்தில், பெரிய கண்ணும் எலும்பு துருத்திய தலையுமாக ஒரு மீன் கூட்டம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தது. நீந்திக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. தலை முழுக்கச் சளி ஓடும் குழிகள் இருந்ததால் புத்தகம் எழுதியவர்கள் அந்தக் குடும்பத்துக்கே சளித்தலையன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரோடு அதை யாரும் தட்டில் வைக்க மாட்டார்கள் என்பதால், வியாபாரிகள் ஆரஞ்சு என்று தொடங்கும் அழகான பெயர் ஒன்றை அதற்குச் சூட்டினார்கள். பெயர் மாறியதும் அமெரிக்காக்காரர்கள் எலுமிச்சை பிழிந்து தின்னத் தொடங்கினார்கள். பெயரையே மாற்றத் தெரிந்தவர்களுக்கு வயதை மாற்றுவது பெரிய வேலையா என்று எங்களுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம்.

வலையைப் போட்டு நிமிர்வதற்குள் வலை நிறைந்து கிழிந்த காலம் அது. லாரிகளிலிருந்து சிந்திய மீனைத் தின்று தின்று கடற்காகங்கள் பறக்க முடியாமல் கடைத்தெருவில் நடந்து போயின. மக்கள் அவற்றுக்கு வழிவிட்டு நடந்தார்கள். பலகை வீடுகளை இடித்துவிட்டுச் செங்கல் வீடு கட்டினார்கள். மூன்று படகு வைத்திருந்த கிளைவ் பெங்கெல்லி தன் வாசலில் சிமெண்டு டால்பின்கள் இரண்டை நிறுத்தினார்; அவை ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. மன்றத் தலைவரானதும், பழைய பதவிச் சங்கிலி குழந்தை கழுத்துக்குத்தான் ஆகும் என்று சொல்லிப் புதிதாக ஒன்று செய்வித்துக்கொண்டார். அதை அணிந்துகொண்டு அவர் புல் வெட்டியதைப் பார்த்தவர்கள் உண்டு.

கிளைவின் அப்பா ஆம்ப்ரோஸ் பெங்கெல்லிக்கு அப்போது தொண்ணூற்றொன்பது வயது. அதாவது, அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் திமிங்கில வேட்டைக் காலத்துக் கப்பல் தலைவன் ஒருவனின் நாற்காலி இருக்கிறது. கைப்பிடி இரண்டும் திமிங்கில எலும்பு. ஆண்டுதோறும் படகுப் போட்டித் திருநாளில், இந்த ஊரில் பிறந்தவர்களில் மூத்தவர் யாரோ அவர் அந்த நாற்காலியைப் படகுத்துறை முனையில் போட்டு உட்கார்ந்து, துப்பாக்கியைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கிவைப்பார். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவர் குடிக்கிற பீருக்கும் தின்கிற பைக்கும் யாரும் காசு கேட்கக்கூடாது. முந்தைய மூத்தவர் செத்துப்போனபோது ஆம்ப்ரோஸ் தன் வயதோடு இருபத்தொன்றைச் சேர்த்துக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஞானஸ்நானப் பதிவெல்லாம் தேவாலயத்தோடு எரிந்து வெகுகாலமாகிவிட்டது. அவரோடு பள்ளியில் படித்தவர்கள் ஏன் மறுக்கவில்லை என்று கேட்கலாம். அவர் வயதைச் சொன்னால் தங்கள் வயதும் தெரிந்துவிடும். குறிப்பாக, அவருக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து படித்த வின்னி டிரெகியர் பல வருடங்களாக அறுபத்து நான்கிலேயே நின்றுகொண்டிருந்தார்; அங்கே அவருக்கு வசதியாக இருந்தது.

ஆம்ப்ரோஸ் தினமும் காலையில் துடுப்புப் படகை விரிகுடாவின் குறுக்கே வலித்துப் போய்வருவார். சனிக்கிழமை மாலைகளில் ஊர்மன்றக் கூடத்தில் பியானோ வாசிக்கும்போது வின்னியோடு ஆடுவார். தொண்ணூற்றொன்பது வயதில் இந்த ஆட்டமா என்று சுற்றுலா வந்தவர்கள் வாய்பிளந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "பொய்யி உடம்புக்கு நல்லது புள்ள. என்னப் பாரு," என்று அவர் ஆடிக்கொண்டே வின்னியின் காதில் சொல்வார். "வாய மூடிக்கிட்டு கால மிதிக்காம ஆடு," என்பார் வின்னி.

நூறு வயதானவர்களுக்கு மகாராணியின் அரண்மனையிலிருந்து வாழ்த்துக் கடிதம் வரும். அதைக் கொடுக்க ஆளுநரே வருவதாக இருந்தால், வரும் வழிக்குத் தார் போடுவார்கள். வந்த கையோடு கிளைவின் புதிய மீன் ஆலையைத் திறந்துவைத்துவிட்டும் போவார். ஆகவே அந்த வருடத் திருநாளுக்குள் ஆம்ப்ரோஸுக்கு நூறு ஆகிவிட வேண்டும் என்று கிளைவ் முடிவு செய்திருந்தார். பிறப்புச் சான்று இல்லாத இடத்தில் ஊர்மன்றத் தீர்மானமே போதும் என்று தலைநகரத்திலிருந்து தகவல் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ரோவீனா காஃப், மூடிக்கிடந்த ஆப்பிள் கிடங்கிலிருந்து தன் முடிவோடு வெளியே வந்தாள். மீன்வளத் துறை அவளை அங்கே அனுப்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மீனின் தலைக்குள், காதுக்குப் பக்கத்தில், நகக்கண் அளவில் ஒரு கல் இருக்கும். மீன் வளர வளர அதன் மேல் படலம் படலமாகச் சேர்ந்து கல்லும் வளரும். அவளுக்கு முன்னால் நல்ல கோட்டு போட்ட ஒருவர் வந்து, கல்லின் வெளிப்புறத்து வரிகளை எண்ணிப் பார்த்து, மீனுக்கு இருபத்தைந்து வயது என்று சொல்லி, கிளைவ் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். ரோவீனா வரிகளை நம்பவில்லை. கல்லின் நடுவில், மீன் குஞ்சாக இருந்தபோது உண்டான சின்ன மையத்தை மட்டும் அறுத்தெடுத்தாள். குஞ்சு வளரும்போது கடல் நீரிலுள்ள ரேடியம் துளியிலும் துளியாக அந்த மையத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அது அங்கேயே இருந்து, யாரையும் கேட்காமல், மெல்ல மெல்ல ஈயமாகிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எத்தனை வருடம் போயிற்று என்று தெரியும். ஒரு கல் போதாது. கூடை கூடையாகத் தலைகள் வேண்டும். எங்கள் ஊர் நாய்கள் அவள் பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஊர்மன்றக் கூட்டத்தில் அவள் எழுந்து, பெரிய மீன்களுக்கு நூற்றிருபது வயது, பத்து முன்னே பின்னே இருக்கலாம் என்றாள்.

"நூத்திருபதா?" என்றார் கிளைவ். "ஏம்மா, இந்த ஊருக்கே அவ்வளவு வயசு ஆகியிருக்குமான்னு சந்தேகம். மீனுக்கு எப்பிடி ஆகும்?"

"ஊர் வர்றதுக்கு முன்னாடியே அது அங்க இருந்திருக்கு சார். முட்டை போடற வயசுக்கு வரவே முப்பது வருஷம் ஆகுது. இப்ப நீங்க அள்றத அள்ளினா, உங்க பேரன் காலத்துலகூட அது திரும்ப வராது."

"பத்து முன்னே பின்னேங்கறியே," என்றார் கறிக்கடை டக். "நான் கறிய ஒரு கிலோ முன்னே பின்னேன்னு நிறுத்துக் குடுத்தா நீ வாங்குவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக ஓட்டெடுப்பு நடந்து, மீனின் வயது இருபத்தைந்து என்று முடிவாயிற்று. அடுத்து ஆம்ப்ரோஸ் பெங்கெல்லியின் வயது எடுத்துக்கொள்ளப்பட்டு, நூறு என்று முடிவாயிற்று. தேங்காய்த் துருவல் ஒட்டிய லாமிங்டன் கேக்குகள் சுற்றிவந்தன. ஒரே இரவில், ஒரே குடும்பத்தின் வசதிக்காக, ஒன்றின் வயதைக் கழித்து இன்னொன்றின் வயதைக் கூட்டிய மன்றம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருக்கலாம்.

ரோவீனா கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள். "சரி, மிச்சத்த எங்க வைக்கப் போறீங்க?"

"எந்த மிச்சம்?"

"மீனுக்குத் தொண்ணூத்தஞ்சு வருஷம் கழிச்சீங்கல்ல. கழிச்சது எங்கயாவது இருந்துதானே ஆகணும்?" அவள் வேதியியல் படித்தவள். ஒரு தட்டில் குறைந்தது இன்னொரு தட்டில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பழக்கம் அவளுக்கு.

"குளிர்பதனக் கிடங்குல எடம் இருக்கு, அங்க போட்டுக்கறோம்," என்றார் டக். மறுபடியும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் ஆம்ப்ரோஸ் துடுப்பைத் தூக்கப் போனார், தூக்க முடியவில்லை. இரவோடு இரவாக அவருக்கு உண்மையாகவே நூறு வயது ஆகியிருந்தது. மீசை உதிர்ந்து தலையணையில் கிடந்தது. முதுகு கேள்விக்குறியாக வளைந்திருந்தது. மருத்துவர் வந்து பார்த்து, நூறு வயதுக்கு மிக நல்ல உடல்நிலை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மீதி வருடங்கள் படகுகளோடு வந்தன. ஒரு படகு சரக்கை இறக்கும்போதெல்லாம், அந்த மீன்களிடமிருந்து கழிக்கப்பட்டவை மூட்டம்போலத் துறையில் இறங்கி, அகப்பட்டதன் மேல் உட்கார்ந்தன. போன கோடையில் கட்டிய செங்கல் வீடுகள் பாசி பிடித்துப் போயின. சுவரைத் தொட்டால் காரை உதிர்ந்தது. கிளைவின் டால்பின்கள் மூக்கு தேய்ந்து, சிரிப்பு போய், எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறவர்கள் மாதிரி ஆகிவிட்டன. டக் வாங்கிய புது வண்டியின் தரை துருவேறி, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இருக்கையோடு கீழே இறங்கியது. ஆனால் மதுக்கடையில் மலிவு விஸ்கி எல்லாம் அற்புதமான விஸ்கியாகிவிட்டது. கடைக்காரர் விலையை ஏற்றினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. பால்பண்ணைக்காரரும் தன் பாலாடைக்கட்டி இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பதமாகிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. நட்டப்பட்டவர்கள் கடல் காற்றைக் குறை சொன்னார்கள். மன்றம் கடல் காற்றைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

சுவருக்கும் வண்டிக்கும் போனதுபோக, வருடங்கள் ஆம்ப்ரோஸ் மேலும் இறங்கின. ஒரு முறை அவற்றுக்கு வாசல் திறந்துவிட்டவர் அவர் அல்லவா? படகு வருகிற நாட்களில் அவர் கொஞ்சம் சிறுத்தார். முதலில் காது போயிற்று, பிறகு பேச்சு. தோல் வழியே வெளிச்சம் தெரிந்தது. சனிக்கிழமை வின்னி வந்து அவரைக் கூடத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். பியானோ வாசித்தார்கள். ஆம்ப்ரோஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வின்னி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நின்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு நேராகக் கிளைவ் வீட்டுக்குப் போனார்.

"உங்கப்பன் சாகப் போறான்டா."

"நூறு வயசு ஆயிடுச்சில்ல வின்னி அம்மா. அப்பிடித்தான் இருக்கும். நாம மனச தேத்திக்கணும்."

"யாருக்குடா நூறு? எனக்கு முன் பெஞ்சுல உக்காந்து, என் ஜடையப் புடிச்சு மைப்புட்டிக்குள்ள முக்கினவன் அவன்."

கிளைவ் டால்பின்களைப் பார்த்தார். "அப்போ உங்களுக்கு என்ன வயசு?"

அந்தக் கேள்விக்கு வின்னி டிரெகியர் பதில் சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் எதிர்பார்க்கவில்லை. வின்னி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எழுபத்தேழு," என்றார், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. "அவனுக்கு எழுபத்தெட்டு. சொல்லிட்டேன், போதுமா? இனிமே இந்த ஊர்ல எவனாவது என்னப் பாத்து அறுபத்து நாலுன்னு மரியாதைக்குச் சொன்னாலும் எனக்கு வேண்டாம்." எங்கள் ஊரில் உண்மைக்காக யாராவது எதையாவது விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து அவர் ஆப்பிள் கிடங்குக்குப் போனார். அன்றைக்கு மிச்சம் என்று ஏதோ சொன்னாயே, அது என்ன என்று கேட்டார். ரோவீனா அமில வாடையடிக்கும் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்திருக்கலாம். கிளைவின் படகுகள் இப்போது எங்கே என்று கேட்டாள். மூன்றும் கடலில், ஆளுநர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் திருநாளன்று காலையில் நிறைபாரத்தோடு வந்து சேரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார் வின்னி.

"மூணும் சேந்து எறக்கினா ஆம்ப்ரோஸ் அன்னிக்கு மத்தியானத்தப் பாக்க மாட்டாரு," என்றாள் ரோவீனா. "ஒரு வழி இருக்கு. கழிச்சத மீனுக்கே திருப்பிக் குடுத்துடணும். கழிச்சவங்கதான் குடுக்கணும்."

திருநாளன்று தெற்குக் காற்று வீசியது. புதுத் தார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளுநரின் வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தபோது, மூன்று படகுகளும் முனையைச் சுற்றி உள்ளே வந்துகொண்டிருந்தன. படகுத்துறை முனையில், திமிங்கில எலும்பு நாற்காலியில், கம்பளிக்குள் ஆம்ப்ரோஸ் இருந்தார். கம்பளி மட்டும் இருப்பதாகத்தான் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. வின்னி அவர் பக்கத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மன்றம் இங்கேயே இப்போதே கூட வேண்டும், இல்லாவிட்டால் ஆளுநர் காதில் எழுபத்தெட்டு என்று கத்துவேன் என்றார். மன்றம் கூடியது.

கிளைவ் முதலில் சமாதானத்துக்கு வந்தார். கழித்த வருடங்களைப் பக்கத்து ஊரான ரேமண்ட் முனைக்கு மாற்றிவிட முடியுமா என்று கேட்டார். கால்பந்தாட்டத்தில் அவர்கள் செய்த அநியாயத்துக்கு இது தகும் என்று டக் வழிமொழிந்தார். அவர்கள் மன்றம் கழித்தது அவர்களுக்கே வைக்க இடமில்லாமல் கிடக்கும் என்றாள் ரோவீனா. கிளைவ் படகுகளைப் பார்த்தார். கடனில் வாங்கிய படகுகள். ஆலையைப் பார்த்தார், அதன் வாசலில் வெட்டுவதற்காகக் கட்டிய நாடா காற்றில் படபடத்தது. அப்பாவைப் பார்த்தார்.

"சரி. மீனுக்கு முப்பது வயசு," என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. கடற்காகம் ஒன்று நடந்து போயிற்று.

"நாப்பது."

கம்பளிக்குள் ஒரு கண் திறந்தது.

"இதுக்கு மேல போனா மீன்பிடிக்கே தடை போட்ருவாங்க கிளைவ்," என்றார் டக். "நாப்பதுலயே நிறுத்திக்கலாம். ஒரு கண்ணு போதும் பெரியவருக்கு."

"அறுபது," என்றார் கிளைவ்.

ஆம்ப்ரோஸ் தேநீர் கேட்டார். யாரோ ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, சர்க்கரை இல்லை என்றார். முதல் படகு கயிற்றை வீசியது. கிளைவ் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எண்பது என்றார். ஆம்ப்ரோஸின் முதுகு நிமிர்ந்தது. நூறு என்றார், மீசை முளைத்தது. ஆம்ப்ரோஸ் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருடா இந்தக் கோமாளி கழுத்துல மாட்டுச் சங்கிலியக் கட்டினது?"

"நூத்திருபது," என்று கத்தினார் கிளைவ் பெங்கெல்லி. அவர் கண் கலங்கியிருந்தது கடனை நினைத்தா அப்பாவை நினைத்தா என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. "நூத்திருபது! போதுமா? எங்கப்பனுக்கு எழுபத்தெட்டு! எழுதிக்கோங்க!"

"பத்து முன்னே பின்னே," என்றாள் ரோவீனா. "அதையும் சேத்து எழுதுங்க. அது இல்லாம கணக்கு நிக்காது." அதையும் சேர்த்து எழுதினார்கள்.

ஆம்ப்ரோஸ் எழுந்து கம்பளியை உதறி வின்னியின் தோளில் போட்டார். "நாற்காலி போச்சா?" என்று கேட்டார். "போச்சு," என்றார் வின்னி. "பீரு?" "அதுவும்தான்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, துடுப்பை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் ஆளுநர் இறகு வைத்த தொப்பியோடு, கையில் அரண்மனைக் கடிதத்தோடு துறையில் நடந்து வந்தார். காலணியில் தார் ஒட்டியிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலி காலியாக இருந்தால் துப்பாக்கி சுடக்கூடாது, சுடாவிட்டால் போட்டி தொடங்கக்கூடாது; அதைத்தான் எல்லோரும் மறந்திருந்தார்கள். வயதில் மூத்தவர் யாரோ வாருங்கள் என்று மன்றம் கூட்டத்தைப் பார்த்தது. கூட்டத்தில் வயதானவர்கள் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

முதல் படகின் பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்த ஆட்கள், மேலே இருந்த மீன் தங்களைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஆழத்து மீன் மேலே வந்தால் பிழைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இது பிழைத்திருந்தது. நிறம் கொஞ்சம் மங்கி, பெரிய கண்ணை நிதானமாகச் சுழற்றி, கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தது. திருப்பிக் கொடுத்த வருடங்களை வாங்கிக்கொள்ள யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே என்று ரோவீனா மெதுவாகச் சொன்னாள். துணி துவைக்கும் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, மீனை அதில் விட்டு, தொட்டியை நாற்காலியில் தூக்கிவைத்தார்கள். மன்றம் நின்றவாறே தீர்மானம் போட்டது. அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

தயாரித்து வைத்த பேச்சை வீணாக்குவது கிளைவுக்குப் பழக்கமில்லை. என் அன்புத் தந்தை என்கிற இடங்களில் எல்லாம் நம் மூத்த குடிமகன் என்று மாற்றி, ஒரு பத்தியைக்கூட விடாமல் படித்து முடித்தார். ஓயாத உழைப்பு, குடும்பப் பாசம், போரில் காட்டிய வீரம் எல்லாம் அதில் இருந்தன. மீன் வாயை மூடித் திறந்தது. ஆளுநர் கடிதத்தைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, மரியாதைக்காக, பெரியவருக்குச் சரியாக என்ன வயது என்று கேட்டார்.

"சொல்லலாம் சார்," என்றாள் ரோவீனா. "தலைய வெட்டினா சொல்லிடலாம்."

ஆளுநர் சற்று நேரம் மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. அப்படியானால் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாம் என்றார் அவர். அரசுப் பணியில் இருந்த காலம் முழுவதிலும் அவர் சொன்னவற்றுள் இது நன்றாக இருந்தது என்று எங்கள் ஊரில் ஓர் அபிப்பிராயம் உண்டு. துப்பாக்கியின் விசையில் ஒரு நூலைக் கட்டி நுனியைத் தொட்டிக்குள் விட்டார்கள். மீன் அவசரப்படவில்லை. துடுப்புக்காரர்கள் கைகள் விறைக்கும் வரை காத்திருந்தார்கள். கடைசியில் அது வாலை ஒரு முறை அசைத்தது, குண்டு வெடித்தது, படகுகள் கிளம்பின. போட்டியில் ரேமண்ட் முனைக்காரர்கள் ஜெயித்தார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம்தான். இவ்வளவுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று அளவு வந்தது. கிளைவ் இரண்டு படகுகளை விற்றார். மீன் ஆலையில் இப்போது செர்ரி டப்பா போடுகிறார்கள். சங்கிலி இருக்கிறது. செங்கல் வீடுகள் மேல் உட்கார்ந்த வருடங்கள் திரும்பிப் போகவில்லை. பத்து வருடங்களுக்கு முன் கட்டிய அவற்றை முன்னோர் காலத்துக் கட்டடங்கள் என்று அரசு பலகை மாட்டியிருக்கிறது, பராமரிப்புக்கு உதவித்தொகையும் வருகிறது. அதை யாரும் மறுத்து எழுதவில்லை. விஸ்கி இன்னும் நன்றாக இருக்கிறது.

ஆம்ப்ரோஸுக்கு அந்தப் பத்து முன்னே பின்னே மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சில காலைகளில் அறுபத்தெட்டாக எழுந்து விரிகுடாவை இரண்டு முறை வலித்துக் கடப்பார். சில காலைகளில் எண்பத்தெட்டாக எழுந்து செருப்பைத் தேடுவார். வின்னி முதலில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, எந்த ஆம்ப்ரோஸ் என்று தெரிந்துகொண்டுதான் முட்டை பொரிப்பதா கஞ்சி வைப்பதா என்று முடிவு செய்வார். சனிக்கிழமை பெரும்பாலும் முன்னே இருக்கும்படி அவர் எப்படியோ பார்த்துக்கொள்கிறார்.

மீன் ஊர்மன்றக் கூடத்தில், பியானோவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை நாற்காலிக்குப் போய்வருகிறது. அதன் பங்குக்கு வரும் ஸ்காலப் பையைக் கறிக்கடை டக் சாப்பிட்டுக்கொள்கிறார். அதன் வயதைக் கண்டறிவது குறித்த பொருள் ஒவ்வோர் ஆண்டும் மன்றத்தின் முன் வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் ஒத்திவைக்கப்படுகிறது. ரோவீனா சில மாலைகளில் வந்து தொட்டியின் முன் உட்கார்ந்திருப்பாள். கையில் கத்தி இருக்காது.

போன வருடம் வின்னி டிரெகியருக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். கேக்கின் மேல் அறுபத்து நான்கு என்று எழுதியிருந்தது. மன்றம் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் இருந்த வருடங்கள் எங்கே போயின என்று ரோவீனாகூடக் கேட்கவில்லை. கண்ணாடித் தொட்டியில் மீன் மட்டும் அன்று மாலையிலிருந்து சற்றுப் பருமனாகத் தெரிகிறது. அதற்கு இடம் இருக்கிறது.